இடது பொத்தான்

இடுப்போரம் தொங்கும் துணிப் பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், இருக்கிறது. எங்கே போய்விடும், காலையிலிருந்து எத்தனையோ தரம் பார்த்தாயிற்று, இருந்தாலும் கை தானாகப் போகிறது, பல் வலிக்கிற இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி. ஸ்பானர், சாக்பீஸ், நேற்றுப் பூஜையில் கொடுத்த பொரிப் பொட்டலம், எல்லாவற்றுக்கும் அடியில் செங்கல் கனத்தில் ரிமோட். அதன்மேல் அப்பிய சந்தனம் காய்ந்து பொருக்குப் பொருக்காக நகத்தில் ஏறுகிறது. எங்கள் ஷெட்டில் கிரேன் ஒன்று, ரிமோட் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் இடுப்பில் இருக்கும், இன்னொன்று ஸ்டோர் அலமாரியில் பூட்டிக் கிடக்கும், முதலாவது பழுதானால் எடுத்துக்கொள்ள. இரண்டையும் அதே கிரேனுக்குத்தான் ஜோடி சேர்த்திருக்கிறார்கள், எது பேசினாலும் மேலே கிரேனில் இருக்கிற பெட்டி கேட்கும், யார் கை என்று அதற்குத் தெரியாது. அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கக் கூடாது என்று உத்தரவு. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அந்த உத்தரவு தூங்கும். ஆயுத பூஜைக்கு வெல்டிங் துப்பாக்கியிலிருந்து சுத்தியல் வரை எல்லாம் மேஜைக்கு வந்தாக வேண்டும், ஒன்றை விட்டால் அதற்குக் கோபம் வந்துவிடுமாம், எனவே ஸ்டோர்க்காரர் அந்த இரண்டாவதையும் எடுத்து வந்து பொட்டு வைத்து, சாவி பக்கவாட்டில் தொங்கத் தொங்கப் படுக்க வைத்தார். பூஜை முடிந்து ராத்திரி முழுக்க யாரும் எதையும் தொடக் கூடாது. இன்று விஜயதசமி காலையில்தான் எடுப்பது. எடுத்தேன். கைக்கு வந்த முதல் ஆயுதம் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஸ்டோர்க்காரர் லட்டு பிட்டுக்கொண்டிருந்தார். பேட்டரி மட்டும் புதிதாக நான் வாங்கிப் போட்டேன்.

அவள் அங்கே ஆரம்பித்துவிட்டாள். ஜெனோவா. வாசல் பக்கம், மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, பத்து வருஷம் நான் நின்ற அதே இடத்தில். ரிமோட்டை வாரில் மாட்டி இடுப்பில் இறுக்கிக்கொள்கிறாள், முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பையை மாட்டுகிற பக்தியோடு. சாவியைப் போட்டுத் திருப்புகிறாள். பச்சை விளக்கு சிமிட்டுகிறதா என்று வெயிலுக்குக் கையை மறைத்துப் பார்க்கிறாள். பாரம் ஏதும் மாட்டாமலே ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, மேலே, கீழே, வாசல் பக்கம், உள் பக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அப்புறம் கிரேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பொத்தானை அடித்து நிற்கிறதா என்று பார்க்கிறாள். நிற்கிறதம்மா, நேற்றும் நின்றது, முந்தாநாளும் நின்றது. ஒவ்வொரு நாளும் இந்தக் கூத்து. போதாததற்குத் தூக்குவதற்கு முன்னால் ஹாரன் வேறு. ஹாரன் அடித்தால் எல்லாரும் விலகி நிற்க வேண்டும் என்று தூண் தூணாக எழுதி ஒட்டியிருக்கிறாள், முதல் வரியே அதுதான். கிரேனின் உத்தரத்தில் வாசல் பக்கம் ஒரு சிவப்பு வட்டம், உள் பக்கம் ஒரு நீல வட்டம் பெயின்ட் அடித்து, அதே நிறத்தில் பொத்தான்களுக்கும் டேப் ஒட்டிக்கொண்டாள். "எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் குழப்பம் வராதுண்ணே, இடம் வலம்னு நம்பக் கூடாது" என்று எனக்குப் பாடம் வேறு. எனக்கு. என் கைக்குக் கண் இருக்கிறது பாப்பா, என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதுதான் எனக்கு ஆகவில்லை. அழுதிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். வண்ணம் பூசிப் பார்த்து ஓட்டுகிறவள் எல்லாம் ஒரு ஆபரேட்டர். இடது பொத்தானை அழுத்தினால் பாரம் என்னை விட்டு விலகும், வலதை அழுத்தினால் என்னிடம் வரும், இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கட்டைவிரல் சொல்லும்.

எவ்வளவு சுகமான பொருள் அது. பார்க்கிறவனுக்கு நாலு பொத்தான். கையில் வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும், எட்டு டன் இரும்பைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு கீழே நிற்கிற மனுஷன் முகத்தைப் பார்ப்பது. சின்ன வயதில் தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்க விடுவோம், பறக்கிறோம் என்று அது நினைக்கிற நேரத்தில் ஒரு சுண்டு. அதே சுகம்தான், சம்பளத்தோடு. சூசை என்று ஒரு கலாசி, சங்கிலி மாட்டுகிறவன், என்னைப் பற்றி கேன்டீனில் ஏதோ வாய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். மறுநாள் அவன் குனிந்து கட்டை வைத்துக்கொண்டிருந்தபோது கொக்கியில் தொங்கிய இரும்புப் பிளேட்டை அவன் முதுகுக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினேன். நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைத்தேன். அவன் நகர்ந்தால் நானும் நகர்த்தினேன். "அண்ணே, வேணாண்ணே, புள்ளகுட்டிக்காரன்" என்று கைகூப்பினான். கால்சட்டை நனைந்து போயிற்று. நான் ஒன்றும் போட்டுவிடவில்லையே, ஒரு கீறல் உண்டா அவன் உடம்பில், தொடாமல் ஒருவனைத் தொடுவது எல்லாருக்கும் வருமா. ஆனால் இவள் பார்த்துவிட்டாள். அப்போது பயிற்சிக்கு வந்திருந்தவள், வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதானே, நேரே போர்மன் கோதண்டத்திடம் போய் நின்றாள். சூசை மறுத்தான், அப்படி எதுவும் நடக்கவில்லை சார் என்றான், அந்த அளவுக்கு என்னிடம் பயம். இவள் மறுக்கவில்லை. ரிமோட் அவளுக்குப் போயிற்று, எனக்குக் கயிறு வந்தது. தொங்குகிற பாரம் ஆடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிற வேலை, மாட்டைப் பிடித்துக்கொண்டு போவார்களே, அப்படி. பொம்பளைக்குப் பின்னால் கயிறு பிடிக்கிறான் என்று ஊர் பேசியது. வீட்டில் என் பெண்டாட்டி அமிர்தம் பேசவில்லை. ஒன்றுமே கேட்காமல் சோற்றைப் போட்டாள். கேட்காதவளை எதற்கு அறைந்தேன் என்று இன்றுவரை அவளுக்கும் தெரியாது. அவள் கன்னத்தை அழுத்திக்கொண்டு ரசம் ஊற்றினாள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஹாரன். தூக்குகிறாள். இன்று முதல் தூக்கல், கொக்கியில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார்கள், வாழைக்கன்று கட்டிய தூண்களுக்கு நடுவே அந்தப் பெரிய பாய்லர் டிரம் தரையை விட்டு மெதுவாக எழும்புகிறது, கல்யாணத்துக்குப் பெரிய மாமியார் எழுந்திருப்பதுபோல. வெளியூரிலிருந்து சரக்கைப் பார்க்க வந்த மூன்று பேர் அவளுக்குப் பக்கத்தில் கோட்டுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு நிற்கிறார்கள். கோதண்டம் அவர்களுக்கு அவளைக் காட்டி ஏதோ சொல்கிறார், பெருமை முகத்தில் வழிகிறது, எங்க லேடி ஆபரேட்டர் சார் என்றிருப்பார். இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். டிரம் இடுப்பு உயரத்தில் என்னை நோக்கி வருகிறது, நான் கயிற்றை வலது கையில் பிடித்தபடி அதற்கு முன்னால் பின்வாங்கிப் பின்வாங்கி ஷெட்டின் உட்கோடிக்கு நடக்கிறேன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு. அதில் உட்கார வைக்க வேண்டும். உட்கார வைக்கும் நேரம்தான் நேரம், அவள் மெதுவாக, ஒரு சொட்டு ஒரு சொட்டாக இறக்குவாள், எல்லார் கண்ணும் டிரம்மில் இருக்கும். அப்போது நான் பைக்குள் ஒரே ஒரு அழுத்து. டிரம் என்னை விட்டுத் திமிறி, வாசலை நோக்கி, அவளை நோக்கி, அந்த வெள்ளைத் தொப்பிகளை நோக்கி ஓடும். யாருக்கும் அடிபடாது, நடுவில் இடம் இருக்கிறது, கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பட்டாலும் என் தலையெழுத்தா. அவள் அலறுவாள். சிவப்பை அடிப்பாள். தொப்பிகள் சிதறி ஓடும். கோதண்டத்தின் பெருமை அங்கேயே தரையில் கொட்டும். நான் தொடவே இல்லை சார் என்பாள், தொடாமல் எப்படியம்மா ஓடும், பேய் ஓட்டியதா என்று கேட்பார்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பரிதாபமாக நிற்பேன். பிறகு கோதண்டம் என் பக்கம் திரும்பி, பரஞ்சோதி, நீயே வாங்கி ஓட்டய்யா என்று சொல்கிற குரல் இப்போதே காதில் விழுகிறது. வாசலில் உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சோறு வெயிலில் காய்கிறது, ஈ மொய்க்கிறது. எனக்கு ஏன் வாய் இப்படி வறண்டிருக்கிறது. பயமெல்லாம் இல்லை. காலையில் காபி குடிக்கவில்லை.

"அண்ணே, தூண்கிட்ட நிக்காதீங்க, இந்தப் பக்கம் வாங்க" என்கிறாள் அங்கிருந்து. பாரத்துக்கும் தூணுக்கும் நடுவில் ஆள் நின்றால் அவள் இறக்கமாட்டாள், அது அவள் சட்டம். "நீ உன் வேலயப் பாரும்மா, கயிறு புடிக்கத் தெரியும் எனக்கு" என்கிறேன். அவள் நிறுத்திவிட்டாள். டிரம் அசையாமல் தொங்குகிறது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் நகரும்வரை காத்திருக்கப் போகிறாள், இத்தனை பேர் முன்னால் என்னைச் சின்னப் பயலைப்போல நகர வைக்கப் போகிறாள், சூசைகூட அந்த மூலையில் நின்று பார்க்கிறான், அவன் உதட்டில் இருப்பது சிரிப்பா வெற்றிலையா. இறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான், திட்டம் அதுதான், ஆனால் அந்த உதடு. பைக்குள் இடது கை போய்விட்டது. சாவி திரும்பியிருக்கிறது. சந்தனத்துக்குக் கீழே நடு வரிசை, இடது பொத்தான், விலகிப் போகிற பொத்தான். போ. கடைசிவரை அழுத்தினேன், இரண்டாவது தட்டு வரை, வேகத்துக்கு.

வந்தது. போகவில்லை, வந்தது. அவ்வளவு பெரிய பொருள் சத்தமே இல்லாமல் வரும் என்று பத்து வருஷமாக எனக்குத் தெரியும், ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. என்னை விட்டு விலகுகிற பொத்தான் அல்லவா, ஏன், என்று நினைத்து முடிப்பதற்குள் தூணும் டிரம்மும் என்னை நடுவில் வாங்கிக்கொண்டன. எங்கோ ஜெனோவா கத்தினாள், அதே நொடியில் கிரேன் செத்தது, சிவப்பை அடித்துவிட்டாள். அவள் கை வேகம். இல்லையென்றால் இந்நேரம் யோசிக்க நான் இருந்திருக்கமாட்டேன். கம்பிக் கயிறு சாய்ந்து நிற்கிறது, கிரேன் என் தலைக்கு மேலாகத் தாண்டிப் போய் இழுத்துப் பிடித்தபடி நிற்கிறது, டிரம்மின் மொத்தச் சாய்வும் என் விலாவில். வலி இன்னும் முழுதாக வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. மூச்சு மேலே கொஞ்சம் போகிறது, கீழே இறங்கவில்லை. இப்போதுதான் புரிகிறது. பத்து வருஷம் நான் நின்றது அங்கே, வாசலில், அவள் நிற்கிற இடத்தில். அங்கே நிற்கிறவனை விட்டு விலகினால் எங்கே போகும், உள்ளேதானே, தூணுக்குத்தானே, இங்கேதானே. என் கைக்குக் கண் இருந்தது, அந்தக் கண்ணை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். உத்தரத்தில் நேர் மேலே நீல வட்டம் தெரிகிறது. கேவலம் ஒரு டப்பா பெயின்ட்.

இடது கையை எடுக்கப் பார்க்கிறேன், வரவில்லை. பையும் கையும் ரிமோட்டும் இடுப்பும் ஒரே கட்டியாகத் தூணோடு நசுங்கியிருக்கின்றன. கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. பொத்தான் மேல்தான். இரண்டாவது தட்டு வரை இறங்கி, எழும்ப இடமில்லாமல். இப்போது கிரேனுக்கு உயிர் இல்லை, அதனால் பரவாயில்லை. ஆனால் அவர்கள் என்னை எடுக்க வேண்டுமே, எடுக்கச் சிவப்பை விடுவிப்பார்கள், ஸ்டார்ட் கொடுப்பார்கள், கொடுத்த நிமிஷம் மேலே இருக்கிற பெட்டி இரண்டு பேர் பேச்சையும் கேட்கும், அதில் என் பேச்சும் இருக்கும். சொல்ல வேண்டும். பையில் ரிமோட் இருக்கிறது, ஸ்டார்ட் போடாதீர்கள். அவ்வளவுதான், நாலைந்து சொல், அதற்கு மூச்சு இருக்கிறது. சொன்னால்? பையைப் பிரிப்பார்கள். சந்தனப் பொட்டோடு வெளியே வரும். வெள்ளைத் தொப்பிகள் முன்னால், சூசை முன்னால். போலீஸ் வரும். வேலை போகும். அமிர்தம் ஒன்றும் கேட்காமல் சோறு போடுவாள். அவர்கள் கிட்டே வருகிறார்கள். கோதண்டத்துக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "என்னம்மா பண்ணித் தொலச்ச" என்கிறார். "நான் தொடவே இல்ல சார். கை எடுத்துட்டுத்தான் நின்னேன். வேற எதுவோ கிரேன ஓட்டுது. மெயின ஆஃப் பண்ணிட்டு, ஜாக்கி வச்சு டிரம்ம நகத்திடலாம். ரிமோட்ல தொடக் கூடாது சார், திரும்ப ஓடும்." சொல்லும்போதே ரிமோட்டிலிருந்து சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொள்கிறாள். சரியாகச் சொல்கிறாள். தொட்டுப் பார்த்ததுபோல் சொல்கிறாள். ஜாக்கி வைக்க நேரம் ஆகும், ஆகட்டும், நான் தாங்குவேன். ஆனால் ஜாக்கி வைக்க வந்து குனிந்தால் என் இடுப்பருகேதான் குனிவார்கள். கை பைக்குள் இருப்பதைப் பார்ப்பார்கள். இவள் பார்ப்பாள். முதலில் இவள்தான் பார்ப்பாள். அவள் முகத்தில் அப்போது கோபம்கூட வராது, அன்றைக்குச் சிரித்தாளே, அதுபோல ஏதாவது வரும். "பொய்" என்றேன். அவ்வளவு தெளிவாக வந்தது என் குரல், எனக்கே ஆச்சரியம். "இவதான் அழுத்தினா சார். நான் பாத்தேன். கை பொத்தான் மேலதான் இருந்துச்சு."

அவள் என்னைப் பார்க்கிறாள். நான் பார்க்க விரும்பிய முகம் இதுதான், இத்தனை மாதமாகக் காத்திருந்த முகம், வந்துவிட்டது, ஆனால் அனுபவிக்க மூச்சு போதவில்லை. தொப்பிகளில் ஒருவர் ஏதோ சொல்கிறார், ஆள் செத்துவிடுவான், சீக்கிரம் என்று. கோதண்டம் அவள் இடுப்பு வாரிலிருந்து ரிமோட்டைப் பிடுங்குகிறார். பிடுங்கிவிட்டார். ஜெயித்துவிட்டேன், பாருங்கள் எல்லாரும், பிடுங்கிவிட்டார். "சாவி எங்கம்மா?" அவள் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "தரமாட்டேன் சார். மெயின ஆஃப் பண்ணச் சொல்லுங்க மொதல்ல." "ஒன்னோட வீம்புக்கு ஒரு உசுரு போகணுமா?" அவள் அசையவில்லை. சூசை மெயின் சுவிட்ச் பக்கம் ஓரடி எடுத்து வைத்து, கோதண்டத்தின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான், உத்தரவில்லாமல் எதையும் தொடாத மாதிரி அவனைப் பழக்கியவனே நான்தான். அவள் என் அருகில் வருகிறாள், முகத்துக்கு நேராக, சோப்பு வாசனை. "அண்ணே, ஒங்க ஒடம்பு. நீங்க சொன்னா நான் கேக்கறேன். ஏதாவது இருந்தா சொல்லிடுங்கண்ணே, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. ஸ்டார்ட் போடலாமா? சாவியக் குடுக்கவா?" தெரிந்துவிட்டதா இவளுக்கு. பையைப் பார்க்கிறாளா, டிரம்மைப் பார்க்கிறாளா. யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்களாம். நினைக்காமல் என்ன செய்வார்கள். இவள் மன்னித்துவிடுவாள், அதுதான் நடக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருவாள், அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள், நான் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஒருவேளை ஸ்டார்ட் கொடுத்ததும் பொத்தான் எழும்பிவிடலாம். ஒருவேளை நசுங்கி உடைந்தே போயிருக்கலாம், பேட்டரி தெறித்திருக்கலாம், விலை குறைந்த சரக்குதானே. உடைந்திருக்கும். நிச்சயம் உடைந்திருக்கும். "குடு" என்றேன். "குடுக்கச் சொல்லுங்க சார் அவள."

கையைத் திறந்தாள். சாவி விழுகிற மாதிரி அவர் கைக்குப் போயிற்று. அவள் பின்னால் நடக்கிறாள், கண்ணை என்னிடமிருந்து எடுக்காமல். கோதண்டம் அவசரமாகத் திணிக்கிறார், சாவி துளைக்குள் போக மாட்டேன் என்கிறது, போயிற்று. சிவப்புப் பொத்தானைத் திருகி மேலே விடுகிறார். வயிற்றுப் பக்கம் ஏதோ சின்னதாக வெளிச்சம்போல் படுகிறது, பைத் துணியின் நெசவு வழியாக, பச்சையாக. சிமிட்டுகிறது. உடையவில்லை. பேட்டரி புதிது, நான்தான் வாங்கிப் போட்டேன். மானம் போகட்டும், வேலை போகட்டும், ஆரஞ்சு வரட்டும், சார், பையில, சார் இருங்க, பையில இன்னொண்ணு இருக்கு என்று வாயைத் திறந்தேன், முழு மூச்சையும் சேர்த்துத் திறந்தேன். அவர் ஸ்டார்ட் கொடுப்பதற்கு முன்னால், அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, மறக்காமல், முதலில் ஹாரன் அடித்தார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஹாரன் அடித்தால் எல்லாரும் விலகி நிற்க வேண்டும். எல்லாரும் விலகி நின்றார்கள்.